எதையும் உறுதியாக அறிய முடியாது என்றவர் எப்படிக் கப்பல் ஏறினார்?

கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள். "எதையும் அறிய முடியாது" என்ற கிரேக்க ஐயவாதிகள், அதைச் சொல்லும்போதே ஒன்றை அறிந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்ளவில்லையா என்பது ஒன்று. அதை மனதார ஏற்கும் ஒருவர் காலையில் எழுந்து வாசல் தாண்ட முடியுமா என்பது இன்னொன்று. இரண்டுமே நல்ல கேள்விகள். 2,200 ஆண்டுகளுக்கு முன்பு ஏதென்ஸில் ஸ்டோயிக் தத்துவவாதிகள் ஐயவாதிகளை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டவையும் இவைதாம்.

ஐயவாதம் என்றதும் எல்லோரும் பிர்ரோவிடம் போவார்கள். எலிஸ் ஊர்க்காரர், அலெக்ஸாண்டரின் காலத்தில் இந்தியா வரை வந்து இங்குள்ள துறவிகளைச் சந்தித்தவர். பள்ளம், வண்டி, நாய் எது எதிரே வந்தாலும் அவர் ஒதுங்கமாட்டார், நண்பர்கள்தான் கூடவே நடந்து காப்பாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையைச் சொல்லும், தத்துவவாதிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனிஸ் லேர்ட்டியஸே, பிர்ரோ அன்றாடக் காரியங்களில் முன்யோசனையோடுதான் நடந்தார் என்று பிற்கால ஐயவாதி ஐனெசிடெமஸ் மறுத்ததையும், அவர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்ததையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அந்தக் கதையை வைத்து ஐயவாதத்தை எடைபோடுவது சரியல்ல. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் நேராக நின்று பதில் சொன்னவர் வேறொருவர், கார்னியடீஸ்.

இவர் கி.மு. 214 வாக்கில் சைரீன் நகரில் பிறந்தார். அந்த இடம் இன்றைய லிபியாவில் இருக்கிறது. ஏதென்ஸுக்கு வந்து, பிளேட்டோ நிறுவிய அகாதமிக்கே தலைவரானார். பிளேட்டோவின் பள்ளியில் ஐயவாதியா என்று தோன்றலாம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அர்க்கெசிலாவோஸ் அந்தப் பள்ளியைத் திருப்பிவிட்டிருந்தார். சாக்ரடீஸ் கேள்வி கேட்டவர், பதில் கொடுத்தவர் அல்லர், நாமும் அப்படியே இருப்போம் என்பது அவர் எடுத்த பாதை. கார்னியடீஸ் தன் தத்துவத்தை ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. கார்த்தேஜிலிருந்து வந்த அவருடைய மாணவர் கிளிட்டோமாக்கஸ்தான் நானூறுக்கும் மேற்பட்ட சுருள்கள் எழுதினார். அவையும் அழிந்துவிட்டன. ரோமானிய எழுத்தாளர் சிசெரோவும் பிற்கால ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிகஸும் எடுத்துச் சொன்னவைதான் நம் கைக்கு வந்திருக்கின்றன.

எதிராளி யார் என்று தெரியாமல் கார்னியடீஸைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் சண்டையிட்டது ஸ்டோயிக்குகளோடு, குறிப்பாக கிரிசிப்பஸின் நூல்களோடு. "கிரிசிப்பஸ் இல்லையென்றால் ஸ்டோயிக் பள்ளியே இல்லை" என்று ஒரு சொல்வழக்கு அன்று இருந்தது. கார்னியடீஸ் அதை மாற்றி, "கிரிசிப்பஸ் இல்லையென்றால் நான் இல்லை" என்பாராம். அதில் உண்மையான மரியாதை இருக்கிறது. ஸ்டோயிக்குகள் கட்டியது அவ்வளவு உறுதியான கோட்டை.

அந்தக் கோட்டையின் அடித்தளத்தை, ஸ்டோயிக் பள்ளியை நிறுவிய ஸீனோ கையை வைத்தே காட்டுவார் என்று சிசெரோ சொல்கிறார். விரல்களை விரித்து உள்ளங்கையைக் காட்டி, "இது மனப்பதிவு" என்பார். ஏதோ ஒன்று கண்ணில், காதில் படுகிறது, அவ்வளவுதான். விரல்களைக் கொஞ்சம் மடக்கி, "இது இசைவு". பட்டதை ஆமென்று மனம் ஒப்புக்கொள்கிறது. முழுதாக மூடி முஷ்டியாக்கி, "இது பிடித்தல்". பிறகு மற்றொரு கையால் அந்த முஷ்டியை இறுகப் பற்றி, "இதுதான் அறிவு, இது ஞானிக்கு மட்டுமே உண்டு" என்பார். இதில் எல்லாமே மூன்றாவது படியில்தான் தொங்குகிறது. சில மனப்பதிவுகள் உண்மையான பொருளிலிருந்தே வருகின்றன, அந்தப் பொருள் உள்ளபடியே மனதில் முத்திரையாகப் பதிகின்றன, பொய்யான ஒன்றிலிருந்து அப்படிப்பட்ட பதிவு வரவே முடியாது. இதுதான் ஸ்டோயிக்குகளின் வரையறை. இப்படிப்பட்ட பதிவுக்கு மட்டும் இசைந்துகொண்டிருந்தால் ஞானி ஒருநாளும் தவறமாட்டார்.

முதல் இரண்டு நிபந்தனைகளோடு ஐயவாதிகளுக்குச் சண்டையே இல்லை. உண்மையான பொருளிலிருந்து உண்மையான பதிவு வரும், சரி. மூன்றாவதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எந்த உண்மைப் பதிவை எடுத்துக்கொண்டாலும், அதிலிருந்து பிரித்தறிய முடியாத ஒரு பொய்ப் பதிவு இருக்க முடியுமே?

இதற்கு அவர்கள் வைத்த எடுத்துக்காட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை முட்டைகள். இரண்டு முட்டைகளில் ஒன்றைக் காட்டிவிட்டு, கண் மறைவில் மாற்றி வைத்தால் கண்டுபிடிப்பீர்களா? ஸ்டோயிக் தரப்பு சளைக்கவில்லை. டெலோஸ் தீவில் கோழி வளர்ப்பவர்கள் முட்டையைப் பார்த்தே இன்ன கோழி இட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்றார்கள். தாய்க்கு இரட்டையர் குழம்பாது, பழகினால் கண் தேறும். உலகில் எந்த இரண்டு பொருளும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஆகவே வேறுபாடு எங்கோ இருந்தே தீரும். இது நல்ல பதில் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மறுபக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேறுபாடு பொருளில் இருக்கட்டும், அது உன் பதிவுக்குள் வந்து சேர்ந்ததா? ஒரே முத்திரை மோதிரத்தை ஒரே மெழுகில் நூறு முறை அழுத்தினால் எது எந்த அழுத்தம் என்று எந்தக் கண் சொல்லும்? சிற்பி லிசிப்பஸ் ஒரே வெண்கலத்தில், ஒரே முறையில் நூறு அலெக்ஸாண்டர் சிலைகளை வார்த்திருந்தால்?

அப்புறம் கிரேக்கப் புராண வீரர் ஹெராக்லிஸ் வெறிபிடித்த கதை. அவர் தன் பிள்ளைகளைப் பகைவன் யூரிஸ்தியஸின் பிள்ளைகள் என்று கண்டு அம்பெய்து கொன்றார். கையிலிருந்த வில் உண்மையான வில், அந்தப் பதிவு உண்மை. எதிரே நின்றது பகைவனின் பிள்ளைகள் என்ற பதிவு பொய். ஆனால் இரண்டும் ஒரே வலிமையோடு, ஒரே தெளிவோடு அவரைச் செயல்பட வைத்தன. உண்மையான பதிவுக்குத் தனி ஒளி ஏதும் உண்டென்றால் அது அந்த நேரத்தில் எங்கே போனது? வெறி தெளிந்த பிறகு தெரிந்ததே என்று சொல்வது பதிலாகாது. கேள்வி அம்பு விடும் நேரத்தைப் பற்றியது.

இந்த இடத்தில் ஸ்டோயிக் தரப்பு கொஞ்சம் பின்வாங்க நேர்ந்தது. கிரேக்கப் புராணக் கதை ஒன்றில், டிராய் போரிலிருந்து திரும்பும் மெனெலாவோஸ், தன் மனைவி ஹெலனைக் கப்பலில் விட்டுவிட்டு வந்ததாக நினைக்கிறார். கப்பலில் இருப்பது அவளுடைய மாய உருவம். ஃபாரோஸ் தீவில் இறங்கி, உண்மையான ஹெலனையே எதிரில் காண்கிறார். பதிவு உண்மை, தெளிவு, எல்லாம் சரி. ஆனாலும் அவரால் அதை ஏற்க முடியவில்லை, ஹெலன்தான் கப்பலில் இருக்கிறாளே! ஆகவே பிற்கால ஸ்டோயிக்குகள் தங்கள் அளவுகோலில் ஒரு வால் சேர்த்தார்கள்: "தடை ஏதும் இல்லாத பட்சத்தில்". என் கணிப்பில் இதுதான் முழு விவாதத்தின் திருப்புமுனை. ஒரு பதிவை ஏற்பதா வேண்டாமா என்பது அந்தப் பதிவின் உள்ளே உள்ள முத்திரையால் மட்டும் முடிவாவதில்லை, அதைச் சூழ்ந்திருக்கும் மற்றப் பதிவுகளையும் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டாயிற்று. கார்னியடீஸ் நின்றுகொண்டிருந்த இடமும் அதுவே.

இங்கே ஒரு தவறான புரிதலை ஒதுக்கிவிட வேண்டும். உலகில் உண்மை என்று எதுவும் இல்லை என்று கார்னியடீஸின் அகாதமி சொல்லவில்லை. உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டையும் பிழையே நேராதபடி பிரித்துக் காட்டும் அடையாளம் நம்மிடம் இல்லை என்பதே அவர்கள் வாதம். உறுதியாகப் பிடிக்க முடியாதது வேறு, முற்றிலும் தெளிவற்றது வேறு என்று அவர் பிரித்தார். எல்லாமே முதல் வகைதான். ஆனால் எல்லாமே இரண்டாம் வகை அல்ல. இப்போது பகலா என்பதும், வானத்து விண்மீன்களின் எண்ணிக்கை இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதும் அவருக்கு ஒன்றல்ல.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். டார்ஸஸ் ஊர் ஆண்டிப்பேட்டர் என்ற ஸ்டோயிக், "எதையும் அறிய முடியாது என்கிறாயே, குறைந்தபட்சம் அந்த ஒன்றையாவது அறிய முடியும் என்று ஒப்புக்கொள்" என்று விடாமல் வற்புறுத்தினார். இந்த வலையில் ஐயவாதி தானாகவே விழுவார் என்பது அவர் எதிர்பார்ப்பு. கார்னியடீஸ் விழவில்லை. எதையும் அறிய முடியாது என்பவர் விதிவிலக்கு வைக்கவில்லை, ஆகவே அதுவும் அந்த எதையும் என்பதற்குள்ளேயே அடங்கும் என்றார். சாமர்த்தியமான தப்பித்தலாக இது தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றைச் சொல்வதற்கு அதைப் பற்றிப் பிழையே நேராத உறுதி வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் இதில் முரண்பாடு தெரியும். அந்த நினைப்பே விவாதத்தில் இருக்கிறது. "நான் சோதித்தவரை எல்லா வாதங்களும் இந்தப் பக்கம் சாய்கின்றன, இதுவும் தவறாக இருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் எங்கே மாட்டிக்கொள்கிறார்? அர்க்கெசிலாவோஸும் இதே வழியில் போனவர். சாக்ரடீஸ் தனக்குத் தெரிந்ததாக விட்டுவைத்த ஒன்றையும், அதாவது தனக்கு எதுவும் தெரியாது என்பதையும், அவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

தர்க்கத்தையே கார்னியடீஸ் கற்றது பாபிலோனின் டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக்கிடம். விவாதங்களில் இவர் ஒரு வேடிக்கை செய்வாராம்: "நான் சரியாக முடிவுக்கு வந்திருந்தால் அது நிற்கும். தவறாக வந்திருந்தால் டயோஜெனிஸ் என் ஒரு மினாவைத் திருப்பித் தரட்டும்." ஒரு மினா அன்றைய கற்பிப்புக் கட்டணம். எதிராளியின் கருவிகளை அவர்களிடமே கற்று அவர்களிடமே திருப்புகிறார். தனக்கென்று ஒரு கோட்பாடு நிறுவாமலே இதைச் செய்ய முடியும் என்பதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது கேள்விதான் கனமானது. ஸ்டோயிக்குகளின் குற்றச்சாட்டு இது: இசைவு இல்லாமல் செயல் இல்லை. எதற்கும் இசையாதவர் கல்லாகத்தான் கிடக்க வேண்டும். குளிக்கப் போகிறவர் ஏன் குளியலறைக்குப் போகிறார், ஏன் மலைக்கு ஓடவில்லை? கதவு வழியே ஏன் போகிறார், சுவரில் ஏன் முட்டிக்கொள்ளவில்லை? அகாதமியின் சார்பில் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் பதில் எளிமையானது. அவருக்கு மலை குளியலறையாகத் தோன்றவில்லை, சுவர் கதவாகத் தோன்றவில்லை. தோன்றுவதை வைத்து நடக்கலாம், அதுவே உள்ளபடியான உண்மை என்று முத்திரை குத்த வேண்டியதில்லை.

ஆனால் தோன்றுவதெல்லாம் ஒரே தரத்தில் இல்லையே? கார்னியடீஸின் பெரிய பங்களிப்பு இதற்கான பதிலில் இருக்கிறது. மனப்பதிவுக்கு இரண்டு முகங்கள் உண்டு என்றார். பொருளை நோக்கிய முகத்தில் அது உண்மை அல்லது பொய். பார்க்கிறவரை நோக்கிய முகத்தில் அது உண்மையாகத் தோன்றுவது அல்லது தோன்றாதது. முதல் முகம் நமக்குப் பிடிபடாது. இரண்டாவது முகத்தில் நாம் வேலை செய்யலாம், அதில் படிகளும் உண்டு.

கீழ்ப்படி, வெறுமனே நம்பத்தகுந்த பதிவு. எதிரிகள் துரத்த ஓடிவரும் ஒருவர் ஒளிய ஒரு குழியை நெருங்குகிறார். உள்ளே பகைவர்கள் பதுங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. நின்று விசாரிக்க நேரமில்லை. அந்தத் தோற்றத்தை நம்பி விலகி ஓடுகிறார். அது போதும். அடுத்த படி, சுற்றியுள்ள பதிவுகள் எதுவும் குறுக்கே நிற்காதது. எதிரே வருவது சாக்ரடீஸ் என்று நம்புவது நிறம், உயரம், உருவம், பேச்சு, மேலாடை எல்லாம் ஒத்துப்போவதால். மருத்துவரும் நாடித்துடிப்பு வேகமாக இருக்கிறது என்ற ஒரே அறிகுறியை வைத்துக் காய்ச்சல் என்பதில்லை. பல அறிகுறிகள் கூடிவரும்போதுதான் சொல்கிறார். மெனெலாவோஸ் தடுமாறியது இந்தப் படியில்தான்.

மேல்படி, சுற்றிச் சோதித்த பதிவு. ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிப்பது. என் கண் மங்கலா? பொருள் மிகச் சிறியதா? இடையில் காற்று தெளிவாக இருக்கிறதா? தூரம் அதிகமா? இதற்கு செக்ஸ்டஸ் தரும் எடுத்துக்காட்டு நமக்கு வியப்பூட்டும். வெளிச்சமில்லாத அறைக்குள் ஒருவர் நுழைகிறார். சுருண்டு கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிகிறது. உடனே தாண்டிக் குதிக்கிறார். பிறகு திரும்பிப் பார்க்கிறார். அது அசையவில்லை. பாம்பல்ல என்று மனம் சாய்கிறது. ஆனால் குளிர்காலத்தில் பாம்பு விறைத்து அசையாமல் கிடப்பதும் உண்டே என்று நினைக்கிறார். ஒரு கோலை எடுத்துக் குத்திப் பார்க்கிறார். அப்போதுதான் பாம்பென்று தோன்றியது பொய் என்று ஏற்கிறார்.

கயிற்றரவு என்று வேதாந்தத்தில் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒற்றுமை சட்டென்று தெரியும். ஆனால் அங்கே கயிறு தெரிந்ததும் பாம்பு மறைகிறது, விஷயம் முடிகிறது. கார்னியடீஸுக்கு முக்கியம் அந்தக் கோல். முதலில் குதித்ததும் சரி, நின்று யோசித்ததும் சரி, குளிர்கால ஐயம் வந்ததும் சரி, குத்திப் பார்த்ததும் சரி. ஒவ்வொரு படியிலும் அந்த நேரம் கொடுத்த அவகாசத்துக்கு ஏற்ப நடந்திருக்கிறார். எந்தப் படியிலும் இனி தவறே நேராது என்ற உறுதி அவருக்குக் கிடைக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

எந்தப் படி எப்போது தேவை என்பதற்கும் வழி சொல்லியிருக்கிறார். சின்ன விஷயமானால் ஒரு சாட்சியை விசாரிக்கிறோம். பெரிய விஷயமானால் பலரை. மிகப் பெரியதானால் ஒவ்வொரு சாட்சியையும் மற்றவர்களின் சாட்சியத்தோடு ஒப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்கிறோம். இந்த ஒரு கருத்துக்காகவே கார்னியடீஸை எல்லோரும் படிக்க வேண்டும் என்று சொல்வேன். அறிவின் எல்லையை அவர் பேசும்போது கைவிரிக்கவில்லை. பணயம் எவ்வளவோ அவ்வளவு சோதனை என்று கணக்கு மாறுகிறது. பிழையற்ற உறுதி ஒன்று உண்டு என்று நம்புகிறவர், அது கிடைத்துவிட்டது என்று தோன்றியதும் சோதிப்பதை நிறுத்திவிடுவார். அது கிடைக்காது என்று அறிந்தவருக்குச் சோதிப்பதை நிறுத்த அப்படியொரு காரணம் இல்லை.

தலைப்பில் உள்ள கப்பல் சிசெரோவுடையது. ஞானி கப்பலில் ஏறும்போது, நினைத்தபடி போய்ச் சேருவோம் என்று அவர் அறிந்தா ஏறுகிறார்? யாரால் முடியும்? ஆனால் இங்கிருந்து புத்தேயோலி துறைமுகத்துக்கு முப்பது ஸ்டேடியம் தூரம், அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். கப்பல் நல்ல கப்பல், மாலுமி கைதேர்ந்தவர், கடல் இப்படி அமைதி. பத்திரமாகப் போய்ச் சேருவது நம்பத்தகுந்ததாகத் தோன்றும், அதனால் ஏறுவார். பயிர் செய்வதும் மணம் முடிப்பதும் பிள்ளை பெறுவதும் இப்படித்தான் என்று சிசெரோ மேலும் அடுக்குகிறார். கவனியுங்கள், இது ஐயவாதிக்கு மட்டும் உரிய தனி வாழ்க்கை அல்ல. ஸ்டோயிக்கும் இப்படித்தான் கப்பல் ஏறினார். எகிப்தின் தாலமி மன்னர் மெழுகு மாதுளம்பழங்களை வைத்து ஸ்ஃபைரஸ் என்ற ஸ்டோயிக்கை ஏமாற்றியபோது, பொய்யான பதிவுக்கு இசைந்துவிட்டாயே என்றார் மன்னர். "அவை மாதுளை என்பதற்கு நான் இசையவில்லை, மாதுளை என்று கருதுவது நியாயம் என்பதற்கே இசைந்தேன்" என்றார் அவர். கேட்பதற்கு அப்படியே அகாதமியின் குரல்!

கார்னியடீஸின் பெயரைக் கெடுத்தது ரோமில் நடந்த ஒரு நிகழ்ச்சி. ஓரோப்பஸ் என்ற ஊரைச் சூறையாடியதற்காக ஏதென்ஸுக்கு 500 டாலந்து அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. அதைக் குறைக்கச் சொல்லி கி.மு. 155இல் மூன்று தத்துவவாதிகளைத் தூதர்களாக அனுப்பினார்கள். இவர், முன்சொன்ன டயோஜெனிஸ், அரிஸ்டாட்டில் வழிவந்த கிரிட்டோலாவோஸ். அங்கே இவர் ஒரு நாள் நீதியைப் போற்றிப் பேசினார், மறுநாள் அதே நீதிக்கு எதிராகப் பேசினார். ரோமர்கள் நீதியாக நடப்பதென்றால், பிறரிடமிருந்து பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடிசைக்குத் திரும்ப வேண்டும் என்பது எதிர்வாதங்களில் ஒன்று. இளைஞர்கள் மயங்கினார்கள். ரோமின் மூத்த அரசியல்வாதி கேட்டோ, இவர்களை வேலையை முடித்துச் சீக்கிரம் ஊருக்கு அனுப்புங்கள் என்றார். நீதியில் நம்பிக்கை இல்லாதவர் என்று இதை வைத்துச் சொல்வது அவசரம். நீதியை ஆதரித்து அதுவரை சொல்லப்பட்ட காரணங்கள் எவ்வளவு தாங்கும் என்று எடைபோட்டார் என்பதே பொருத்தமான வாசிப்பு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. கி.பி. 386இல் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் ஒரு கூர்மையான கேள்வி கேட்டார். ஒருவருடைய தந்தையைப் பார்த்தே இராதவன், "மகன் அப்பாவைப் போலவே இருக்கிறான்" என்றால் சிரிக்கமாட்டோமா? உண்மையையே அறியாதவர், ஒன்று உண்மையை ஒத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? நம்பத்தகுந்தது என்பதை 'உண்மையை ஒத்தது' என்று சொன்ன சிசெரோவின் லத்தீன் விளக்கத்தின் மேல் இது நேராக விழும் அடி. கார்னியடீஸ் மேல் அவ்வளவு நேராக விழாது, ஏனென்றால் அவர் பேசியது பார்க்கிறவரை நோக்கிய முகத்தைப் பற்றி. ஆனால் நம்பத்தகுந்த பதிவுகள் எப்போதாவது பொய்த்தாலும் பெரும்பாலும் உண்மையாக இருப்பதால் அவற்றை நம்பலாம் என்றும் செக்ஸ்டஸ் அவர் பேரில் சொல்கிறார். பெரும்பாலும் என்று எண்ணிச் சொல்ல, எது உண்மை எது பொய் என்று தெரிந்திருக்க வேண்டுமே? இந்த இடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்தப் பெரும்பாலும்கூட முந்தைய சோதனைகளிலிருந்து எழுந்த நம்பத்தகுந்த பதிவே என்று சொல்லலாம். அப்போது அடியில் பாறை இல்லை, ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிறது. அதோடு வாழ கார்னியடீஸ் தயார், அகஸ்டின் தயாரில்லை.

இதையெல்லாம் கார்னியடீஸ் தன் கோட்பாடாகவே ஏற்றாரா, ஸ்டோயிக்குகளை மடக்க மட்டும் சொன்னாரா என்பதில் அவருடைய மாணவர்களே பிரிந்தார்கள். ஞானி சில சமயம் வெறும் கருத்துக்கு இசையலாம் என்று அவர் ஏற்றதாக மெட்ரோடோரஸ் சொன்னார். கிளிட்டோமாக்கஸ் மறுத்தார். அவசரமாக இசைந்துவிடும் பழக்கத்தைக் கொடிய விலங்கை விரட்டுவதுபோல மனதிலிருந்து விரட்டியது ஹெராக்லிஸ் செய்தது போன்ற சாதனை என்று ஆசிரியரைப் புகழ்ந்தார். சிசெரோவும் இந்தப் பக்கமே நின்றார், நானும் அப்படியே நினைக்கிறேன். இத்தனை ஆண்டுகள் உடனிருந்தும், நன்மை எது என்பதில் அவர் தனிப்பட ஏற்றது என்ன என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கிளிட்டோமாக்கஸே ஒப்புக்கொள்கிறார். ஒரு கோட்பாட்டை நிறுவ வந்தவரைப் பற்றி மாணவர் இப்படிச் சொல்ல நேராது.

செக்ஸ்டஸ் தன் நூலின் தொடக்கத்தில் தத்துவவாதிகளை மூன்றாகப் பிரிக்கிறார். கண்டுபிடித்துவிட்டோம் என்பவர்கள், கண்டுபிடிக்கவே முடியாது என்று அறுதியிட்டவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். தன்னைப் போன்ற பிர்ரோ வழியினரை மூன்றாவதில் வைத்துவிட்டு, கார்னியடீஸையும் கிளிட்டோமாக்கஸையும் இரண்டாவதில் தள்ளுகிறார். ஆண்டிப்பேட்டர் கேட்ட அந்த ஒரே ஒரு விதிவிலக்கைக்கூடத் தர மறுத்தவரை அறுதியிட்டவர் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவருடைய இடமும் மூன்றாவது வரிசைதான்.